உறை இல்லாத கசற்றுகள்

சென்ற ஆவணியில் கனடாவில் இருந்து பழைய வகுப்புத் தோழன் ஒருவன் வந்திருந்தான். அவனுக்காகக் கல்லடியில் ஒரு இரவுச் சாப்பாடு. வந்தவர்கள் எல்லோரும் அறுபதைத் தொட்டவர்கள், அல்லது தொட்டுவிட்டு மறைத்துக்கொண்டிருப்பவர்கள். சீனி, பிறஷர், பிள்ளைகளின் விசா என்று பேச்சு ஒரு சுற்று முடிந்ததும் யாரோ கைத்தொலைபேசியில் கிரீடன்ஸ் கிளியர்வோட்டர் றிவைவல் என்ற அமெரிக்க ரொக் குழுவைப் போட்டார். அவ்வளவுதான். மேசையில் இருந்த கோப்பைகள் எல்லாம் தாளம் போட ஆரம்பித்தன. உற்சாகத்தில் நண்பன் எழுந்து நின்று, "மச்சான், இசைக்கு நிறமில்லடா, சாதியில்ல, ஒண்டுமில்ல" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அந்த வசனம் பல்லிடுக்கில் அகப்பட்ட இறைச்சி நார் மாதிரி உறுத்தத் தொடங்கியது. இத்தனை மாதமாகியும் போகவில்லை.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் நடுவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை சொல்வதைத்தான் அவனும் சொன்னான். ஆனால் எங்களுக்கு, அந்த மேசையில் இருந்த எங்களுக்கு, ஒரு காலத்தில் இந்தப் பாட்டுகள் உண்மையாகவே நிறமில்லாமல்தான் வந்து சேர்ந்தன. கசற்றுக்கு உறை கிடையாது. படம் கிடையாது. பாடியவன் யார், எந்த ஊர், எந்தத் தோல் என்று ஒன்றும் தெரியாது. நண்பன் புகழும் அந்த நிலையில் நாங்கள் சில காலம் இருந்திருக்கிறோம். அந்தக் காலத்தில்தான் பாட்டை ஆக நன்றாகக் கேட்டோமா என்பதுதான் என் சந்தேகம்.

கராச்

1978 கார்த்திகையில் சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைக் கழற்றிக்கொண்டு போன பிறகு நகரத்தில் ஓயாமல் வேலை இருந்தது தச்சர்களுக்கும் மேசன்மாருக்கும் மெக்கானிக்குகளுக்கும்தான். அவர்களில் நிறையப் பேர் பறங்கியர், போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் வழி வந்தவர்கள். மின்சாரம் ஒழுங்காகத் திரும்பி வர மாதங்கள் எடுத்தன. எங்கள் வீட்டில் இருந்தது பெரிய வால்வு றேடியோ. மின்சாரம் இல்லாவிட்டால் அது மேல்தட்டில் பூச்சாடி வைக்கிற மரப்பெட்டி. கோட்டைமுனைப் பக்கம் கராச் வைத்திருந்த பறங்கி அங்கிள் ஒருவரிடம் மட்டும் ஒரு கசற் றேடியோ, பழைய கார் பற்றரியில் வயர் கொழுவி ஓடிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடம் முடிந்தால் சைக்கிள் பிறேக் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு அங்கே போவேன். ஒரு பிறேக்கை எத்தனை முறை இறுக்கலாம்? அங்கிள் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டாலும், "வா மனே, அந்தப் பதினாலாம் நம்பர் சாவியை எடு" என்பதோடு சரி.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பாட்டு என்றால் அது கொழும்பில் ஆங்கிலம் பேசுகிற பெரிய வீடுகளின் சொத்து என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி இல்லை. ஆங்கிலம் தெரிந்த வீடுகளில் நத்தாருக்கு ஜிம் றீவ்ஸ் போடுவார்கள், மறுகா அடுத்த நத்தார் வரைக்கும் ஒன்றும் இல்லை. ஓட்டிஸ் றெடிங்கும் கிரீடன்ஸும் ஜேம்ஸ் பிரவுணும் பாடியது எண்ணெய்ப் பிசுக்குக்கும் வெல்டிங் புகைக்கும் நடுவில். அங்கிளுக்கும் எங்களைவிட அதிகமாக ஆங்கிலம் தெரியாது. எங்களோடு பேசுவது சுத்தமான மட்டக்களப்புத் தமிழ். தாயாரோடு அவர்களுடைய பழைய போர்த்துக்கேயக் கிரியோல். எஞ்சின் பாகங்களின் பெயர்கள்தான் அவருடைய ஆங்கிலம்.

ஆனால் அவருக்குத் தாளம் தெரியும். பறங்கிக் கலியாண வீடுகளில் வயலின் வாசிப்பவர் அவர். அந்த வீடுகளில் கப்ரிஞ்ஞா ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆறெட்டுத் தாளம் பிடித்துவிட்டால் எழும்பாமல் இருக்க முடியாது. பாட்டி, பேரன், மாப்பிள்ளை, பந்தி பரிமாற வந்தவன் எல்லோரும் ஆடுவார்கள். அந்தத் தாளத்தில் போர்த்துக்கேயருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவர்கள் கப்பலில் கொண்டுவந்த ஆபிரிக்கர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்கிளுக்கு அந்த ஆராய்ச்சி தெரியாது. ஜேம்ஸ் பிரவுண் பாடும்போது ஸ்பேனரால் மட்காட்டில் தட்டிக்கொண்டு, "இவன் எங்கட ஆள்" என்பார். அவர் கண்டுபிடித்ததை நான் புத்தகத்தில் வாசிக்க முப்பது வருடம் எடுத்தது.

வீட்டில் எதிர்ப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. "என்னத்துக்கு இவன் இப்பிடிக் கத்துறான், வயித்துக்குத்தா?" என்று அம்மா கேட்பா, அவ்வளவுதான். தமிழ்ச் சேவையில் கே. எஸ். ராஜாவையும் விடாமல் கேட்டேன். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் எங்களுக்கு மனப்பாடம். பொப்பிசை என்று அதை விலக்கி வைத்த வித்துவான்கள் இருந்தார்கள். விபுலானந்தரின் யாழ் நூலும் வாவியின் பாடும் மீனும் இருக்கிற ஊரில் கராச்சுப் பாட்டுக்கு யார் மரியாதை தருவார்?

விசில் பாட்டு, கப்பல் பாட்டு, மழைப் பாட்டு

கசற் எங்களிடம் வந்து சேர்ந்த வழியைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். எங்கோ கொழும்பில் ஒருவரிடம் இசைத்தட்டு இருக்கும். அதை ஒரு ரெக்கோடிங் பாரில் கசற்றில் பதிவார்கள். அந்தக் கசற்றில் இருந்து இன்னொன்று, அதில் இருந்து இன்னொன்று. ஒவ்வொரு கையும் மாறும்போது ஏதோ ஒன்று கழன்றுவிடும். முதலில் அட்டைப் படம் போகும். அடுத்தது பாடகரின் பெயர், அதற்குப் பிறகு பாட்டின் பெயர். கடைசியாக உச்ச ஸ்தாயிச் சத்தங்களும் போய், சிம்பல் அடிக்கிற இடத்தில் வெறும் இரைச்சல் மிஞ்சும். எங்கள் கைக்கு வரும்போது டீடிகே கசற்றின் மேல் பேனையால் 'இங்கிலீஷ் 3' என்று எழுதியிருக்கும். பெயர்களை நாங்களே வைத்துக்கொண்டோம். கடைசியில் விசில் வருவது விசில் பாட்டு. மழை என்ற ஒரு சொல் விளங்கியதால் மழைப் பாட்டு. ஆற்றுக் கப்பல் பற்றியது என்று யாரோ சொன்னதால் கப்பல் பாட்டு.

முகம் இல்லாத குரலுக்கு மனம் தானாகவே ஒரு முகத்தை வைத்துவிடுகிறது. கப்பல் பாட்டும் மழைப் பாட்டும் பாடுகிறவன் கறுப்பு ஆள் என்று கராச் முழுவதும் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. அந்தத் தொண்டை கரகரப்புக்கு வேறு என்ன விளக்கம்? முகமது அலியின் படம் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது; அவருடைய தம்பி மாதிரி ஒருவன் என்று வைத்துக்கொண்டோம். விசில் பாட்டுக்காரன் கட்டாயம் வெள்ளைக்காரன். தொப்பி போட்டிருப்பான், ஜிம் றீவ்ஸின் சொந்தக்காரனாக இருக்கலாம். துறையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போக அவசரமில்லாமல் இருக்கிற ஒருவனின் குரல் அது. வேலைக்குப் போக அவசரமில்லாதவன் என்றால் வெள்ளைக்காரன் என்பது எங்களுக்கு அவ்வளவு வெளிச்சமாக இருந்தது.

இரண்டுமே தலைகீழ். விசில் பாட்டைப் பாடியது ஓட்டிஸ் றெடிங், ஜோர்ஜியா மாநிலத்துக் கறுப்பினத்தவர், பிரசங்கி ஒருவரின் மகன். அந்தப் பாட்டின் பதிவு 1967 டிசம்பர் 7 இல் முடிந்தது. 10 ஆம் திகதி அவர் போன சிறிய விமானம் விஸ்கொன்சினில் ஒரு ஏரியில் விழுந்தது. வயது 26. பாட்டு வெளிவந்து அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தபோது அவர் இல்லை. கப்பல் பாட்டைப் பாடிய ஜோன் ஃபோகர்ட்டி வெள்ளையர். மிசிசிப்பிச் சேற்றில் பிறந்தவர் மாதிரிப் பாடுவார், ஆனால் அவரும் அவருடைய கிரீடன்ஸ் குழுவும் கலிபோர்னியாவில் எல் செரிட்டோ என்ற ஊர்க்காரர்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

அட்டையில் ஒரு பெண்

கப்பலில் வேலை செய்த அங்கிளின் மைத்துனன் ஒருவன் ஒருமுறை விடுமுறைக்கு வரும்போது ஒரு இசைத்தட்டுக் கொண்டுவந்தான். நாங்கள் வாழ்க்கையில் கண்ட முதல் உறை அது. றெடிங்கின் 'ஓட்டிஸ் புளூ', 1965 இல் வந்தது. அட்டையில் யார்? பொன் நிறத் தலைமயிரோடு தலையைச் சாய்த்துப் படுத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண். வேறு யாரும் இல்லை. அங்கிள் அதைத் துணியால் துடைத்த கையால் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பார்த்தியா மனே, இவள் அவன்ட பொஞ்சாதி" என்று தீர்ப்புச் சொன்னார். விசில் பாட்டுக்காரன் வெள்ளைக்காரன் என்ற எங்கள் எல்லோருடைய நம்பிக்கையும் உறுதியாகிவிட்டது.

தட்டு இருக்கிறது, அதைச் சுழற்ற மெஷின் இல்லை. எங்கள் கல்லூரிப் பாதிரிமாரிடம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். புனித மிக்கேல் கல்லூரியின் அமெரிக்க இயேசு சபைப் பாதிரிமாரைப் பற்றி மட்டக்களப்பாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நியூ ஓர்லியன்ஸில் இருந்து வந்தவர்கள், ஊரைக் கூடைப்பந்துப் பைத்தியமாக்கியவர்கள். வெபர் மைதானத்தில் ஒருவரின் பெயர் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 15 இல் வாழைச்சேனையில் இருந்து திரும்பும் வழியில் ஹேபேர்ட் அடிகளாரும் உடன் வந்த இளைஞரும் காணாமல் போனது இன்னும் ஆறாத காயம். நான் சொல்லப்போகிறவர் இவர்கள் இருவரும் அல்ல. அவ்வளவு பேர் தெரியாத வயதான ஒரு பாதிரியார். நாற்பதுகளின் கடைசியில் வந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ழகரம் மட்டும் வராது.

ஒரு பின்னேரம் தட்டை ஷேர்ட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். அட்டையில் பெண் இருக்கிறாளே என்ற பயம். அவர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். ஊசியை வைத்தார். முதல் பாட்டில் நாலைந்து வரி போயிருக்கும், சிரிப்பு நின்றுவிட்டது.

"தம்பி, இந்தப் பொம்பிளைக்கும் பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பாடுறவர் கறுப்பு ஆள். அவர்ட முகத்தைப் போட்டா வெள்ளைக்காரர் வாங்கமாட்டாங்க எண்டு இவளைப் போட்டிருக்காங்க."

"பாதர் இவரை முந்திக் கேட்டிருக்கீங்களா?"

"இவரை இல்ல. நான் வந்த பிறகுதானே இவர். ஆனா இந்தக் குரல் தெரியும். எங்கட தெருவுக்கு அங்கால அவங்கட சின்னக் கோயில் ஒண்டு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாட்டுச் சத்தம் வரும். வந்தா அம்மா ஜன்னலைச் சாத்திப்போடுவா."

மறுகா அவராகவே சொன்னார். அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலிலும் கறுப்பர்களுக்குக் கடைசி வாங்குகள். நற்கருணை வாங்குவதற்கும் வெள்ளையர் எல்லோரும் வாங்கி முடித்த பிறகுதான் எழும்பி வரவேண்டும். சின்ன வயதில் அதைப் பற்றி யாரும் பேசியதாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. மழை பெய்வது போல அது பாட்டுக்கு இருந்தது. அவர் கப்பலேறி வந்து சில வருடங்களுக்குப் பிறகு, 1953 இல்தான், நியூ ஓர்லியன்ஸ் பேராயர் ரம்மல் கோயில்களில் இந்தப் பிரிவினை கூடாது என்று சுற்றுமடல் எழுதினார். கத்தோலிக்கப் பாடசாலைகளில் அதை முடிவுக்குக் கொண்டுவர 1962 ஆகிவிட்டது. எதிர்த்து நின்ற மூன்று பேரை அவர் திருச்சபைக்கு வெளியே தள்ளவேண்டி வந்தது.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் அவர் ஊசியைத் தூக்கி அதையே திரும்ப வைத்தார். எனக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. அவரும் விளக்கவில்லை. பிறகு கூடைப்பந்துப் பயிற்சிக்கு மணி அடித்தது, தட்டைத் தந்துவிட்டு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மூன்றாவது பாட்டு சாம் குக் என்ற கறுப்பினப் பாடகர் எழுதியது. 1963 இல் லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட்டில் குக்கும் மனைவியும் முன்பே பதிவு செய்திருந்த விடுதிக்குப் போனபோது அறை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வாசலில் நின்று சத்தம் போட்டதற்காகப் பொலிஸ் பிடித்தது. அந்தக் கோபமும் அந்தப் பாட்டுக்குள் போனது. 1964 டிசம்பரில் குக் சுடப்பட்டு இறந்தார், அடுத்த கோடையில் றெடிங் அதைப் பாடினார். பாதிரியார் பிறந்த அதே மாநிலத்தின் கதை, அவர் காதுக்கு வந்து சேர்வதற்கு மட்டக்களப்பில் ஒரு பொடியனின் ஷேர்ட்டுக்குள் ஒளிந்து வரவேண்டியிருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

வேலிக்கு வெளியே

அன்றைக்கே ஞானம் பிறந்தது என்று சொன்னால் பொய். எனக்குப் பதினைந்து, பதினாறு வயது. கராச்சுக்குப் போய், "அங்கிள், விசில் பாட்டுக்காரன் கறுப்பு ஆளாம்" என்று பெரிய செய்தி சொன்னேன். "நான் அப்பவே நினைச்சன்" என்றார் அங்கிள். பொஞ்சாதியை அவர் மறந்துவிட்டார்.

ஆனால் கேட்கிற விதம் மாறிவிட்டது. வேலைக்குப் போக அவசரமில்லாதவனின் சோம்பல் என்று நான் நினைத்தது, எங்கே போனாலும் வேலை கிடைக்காதவனின் அலுப்பாகக் கேட்டது. ஒரே பாட்டு, ஒரே கசற், ஒரே இரைச்சல். விசில்கூட வேறு விசில். நண்பனோடு நான் முரண்படுவது இந்த இடத்தில்தான். நிறம் தெரியாமல் கேட்டபோது எனக்கு இனிமை கிடைத்தது, மறுக்கவில்லை. பாடியவன் அந்தப் பாட்டுக்குள் வைத்துவிட்டுப் போனதில் பாதி மட்டும்தான் கிடைத்தது.

இன்னொன்றும் நடந்தது, அது கொஞ்சம் சங்கடமானது. அந்த வருடமோ அடுத்த வருடமோ படுவான்கரையில் எங்கள் சொந்தத்தில் ஒரு சாவீடு. பறையும் குழலும் வந்திருந்தன. வாசித்தவர்கள் வழக்கம் போல வேலிக்கு வெளியே மரத்தின் கீழே. அவர்களுக்குத் தேத்தண்ணி வேறு பாத்திரத்தில் போனது. அந்தக் காட்சியைப் பிறந்ததில் இருந்து பார்த்திருக்கிறேன், பாதிரியார் கடைசி வாங்கைப் பார்த்தது போல. அன்றைக்குத்தான் அடியை உற்றுக் கேட்டேன். பெரிய பறை இழுத்து இழுத்து வர, மற்றது இடையில் ஓடி ஓடி நிரப்புகிறது. றெடிங்கின் பதிவுகளில் அல் ஜக்ஸன் டிரம் அடிக்கும்போது, தட்ட வேண்டிய நேரத்துக்கு ஒரு இம்மி பிந்தித் தட்டுவார், பாட்டு முழுவதும் அதில் சாய்ந்து நிற்கும். அந்த இம்மிக்காகக் கசற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றிய எனக்கு, அதைக் கையால் செய்கிற மனிதர் இருபது அடி தூரத்தில் நிற்பது அதுவரை காதில் விழவில்லை. இரண்டும் ஒரே இசை என்று சொல்ல வரவில்லை, அது அபத்தம். அமெரிக்காவின் வேலிக்காக உருகிய எங்கள் வகுப்புப் பொடியன்கள் ஒருவரும் எங்கள் வேலியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை என்பதைச் சொல்கிறேன். இன்றைக்குப் பறைமேளக் கூத்து மேடை ஏறியிருக்கிறது, பல்கலைக்கழகப் பிள்ளைகள் பழகுகிறார்கள். நல்ல விஷயம். அந்த மேடையில் நின்றும் "கலைக்குச் சாதியில்லை" என்று யாரோ பேசத்தான் செய்கிறார்கள், வாசிப்பவர் எந்தக் குடியிருப்பில் இருந்து வந்தார் என்று சபையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போதே.

மெம்பிஸ் கணக்கு

நண்பனிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். அவன் விடவில்லை. "அப்ப றெடிங்கின்ட பாட்டுகளைப் பதிஞ்ச ஸ்டாக்ஸ் கொம்பனியைப் பற்றி என்ன சொல்றாய்? றெடிங்குக்குப் பின்னால கிற்றார் அடிச்சது ஸ்டீவ் குரொப்பர், வெள்ளை. பேஸ் அடிச்ச டக் டன் வெள்ளை. டிரம்மும் ஓர்கனும் கறுப்பு. விசில் பாட்டை றெடிங்கோட சேர்ந்து எழுதினதே குரொப்பர்தானே? இதைவிட என்ன வேணும்?" நல்ல கேள்விதான். மெம்பிஸில் பழைய படமாளிகை ஒன்றுக்குள் இருந்த அந்தக் கலையகத்தில் அவர்கள் ஒன்றாக இருந்து வாசித்தது உண்மை. 'ஓட்டிஸ் புளூ'வை ஏறக்குறைய ஒரே நாளில் பதிந்து முடித்தார்கள்; நடுவில் இரவு கிளப்புகளில் வாசிக்கப் போய்விட்டு நடுச்சாமத்துக்குப் பிறகு திரும்பி வந்து மிச்சத்தை வாசித்தார்கள்.

ஆனால் அதே ஆட்கள் பாட்டு எழுத உட்கார்ந்த இடங்களில் ஒன்று லொறெய்ன் மோட்டல். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து இருந்தால் யாரும் முறைத்துப் பார்க்காத இடம் மெம்பிஸில் அதிகம் இல்லை என்பதால்தான் அங்கே போனார்கள். குரொப்பரும் கறுப்பினப் பாடகர் வில்சன் பிக்கெட்டும் 'இன் த மிட்நைட் அவர்' எழுதியது அங்கேதான். 1968 ஏப்ரல் 4 ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டதும் அதே மோட்டலின் மாடியில்தான். நிறமே இல்லாத இசைக்கு எதற்கு அப்படி ஒரு ஒதுக்கிடம்? அவர்கள் நிறத்தை மறந்துவிட்டு வாசித்தவர்கள் அல்ல, கதவைத் திறந்து வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு வாசித்தவர்கள். அந்தத் துணிச்சலை "நிறமில்லை" என்ற சொல்லால் அழித்துவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ரொக் பக்கம் போனால் கணக்கு இன்னும் சிக்கல். லிட்டில் றிச்சர்ட் 'டூட்டி ஃபுறூட்டி'யைப் பாடிப் பதிந்தது 1955 இல், பாதிரியாரின் நியூ ஓர்லியன்ஸில். அதையே பெட் பூன் என்ற வெள்ளையர் இஸ்திரி போட்டுப் பாட, அமெரிக்கத் தரவரிசையில் பூனின் பாட்டு மேலே போனது. இரண்டையும் இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். மறுபுறம் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற வெள்ளையர் குழு, கறுப்பின புளூஸ் பாடகர் மடி வோட்டர்ஸின் பாட்டில் இருந்து தங்கள் பெயரையே எடுத்து, எடுத்ததை ஊரறியச் சொன்னார்கள். அவர்களுடைய 'சற்றிஸ்ஃபக்ஷனை' றெடிங் எடுத்து, கிற்றார் வந்த இடத்தில் பித்தளைக் குழல்களை வைத்துப் பாடினார். தன் மனதில் முதலில் ஓடியதும் குழல்தான் என்று ஸ்டோன்ஸின் கிற்றார்காரர் கீத் றிச்சர்ட்ஸ் சொல்லியிருக்கிறார். எடுப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. யாரிடம் இருந்து எடுத்தோம் என்று தெரிந்திருக்க வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும்.

ஃபோகர்ட்டி வெள்ளையர் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு சின்ன ஏமாற்றம் வந்தது, உண்மை. ஏமாற்றுக்காரன் என்றுகூட ஒரு கிழமை திட்டினேன். பிறகு அவர் வளர்ந்த காலத்தில் கறுப்பர்களின் றேடியோ நிலையங்களைக் கேட்டுக் கேட்டுத் தொண்டையைப் பழக்கியவர் என்று தெரிந்தது. நாங்கள் கராச்சில் செய்ததைத்தான் அவர் கலிபோர்னியாவில் செய்திருக்கிறார். அவருக்குப் படம் பார்க்கக் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கராச் 90 இன் கலவரத்தோடு மூடிவிட்டது. பற்றரி கொண்டுபோவதற்கும் விளக்கம் சொல்லவேண்டிய காலத்தில் பாட்டைப் பற்றி யார் நினைத்தார்கள்? அங்கிள் சுனாமிக்கு முன்பே போய்விட்டார். கடற்கரையோரம் டச் பாரில் குடியிருந்த அவருடைய சொந்தங்களில் பலரை 2004 டிசம்பர் 26 கொண்டுபோனது. இருந்தவர்களில் சிலர் நகரத்துக்குள் வந்தார்கள், அதே வேலைகளைத்தான் செய்கிறார்கள்: தச்சு, வெல்டிங், மோட்டார் சைக்கிள் திருத்தம்.

அந்தக் குடும்பத்தில் ஒரு கலியாணத்துக்கு அண்மையில் போயிருந்தேன். கப்ரிஞ்ஞா முடிந்தது. வயலின் இல்லை, கீபோட்தான். இருபது வயதுக்குள் ஒரு பொடியன், அங்கிளின் பேரன்முறை. ஆட்டம் நிற்கக்கூடாது என்று அடுத்த பாட்டுக்கு அதே ஆறெட்டுத் தாளத்தோடே போனான், பார்த்தால் கப்பல் பாட்டு. 'பிறவுட் மேரி', பைலா வேகத்தில். கிழவிகள்கூட இடுப்பை ஆட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, தாளம் பாட்டின் கழுத்தை நெரிக்கிறது என்றுதான் பட்டது, ஆனால் என் காலும் சொன்னால் கேட்கவில்லை. இடைவேளையில் அவனிடம் போய், "தம்பி, இது யார்ட பாட்டு தெரியுமா?" என்று கேட்டேன்.

"டினா டேர்னரிட, அங்கிள்."

விடுவேனா? 1969 இல் ஃபோகர்ட்டி எழுதியது, 1971 இல் ஐக்கும் டினா டேர்னரும் எடுத்து மெதுவாகத் தொடங்கிப் பேயாட்டமாக முடித்தது, கறுப்பர்களிடம் கேட்டுப் பழகிய வெள்ளையனின் பாட்டைக் கறுப்புப் பெண் ஒருத்தி திரும்ப எடுத்துக்கொண்டது, பிற்காலத்தில் ஃபோகர்ட்டி தன்னுடைய பழைய பாட்டு மாதிரியே புதிய பாட்டும் இருக்கிறது என்று பழைய கொம்பனி போட்ட வழக்கில் கிற்றாரோடு நீதிமன்றத்தில் ஏறி வாசித்துக் காட்டி வென்றது, உன்னுடைய அப்பப்பா மட்காட்டில் ஸ்பேனரால் தட்டியது என்று எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன். பொடியன் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். பாதியில், வழக்கு வருவதற்கு முன்பே, மாப்பிள்ளை வீட்டார் கையைக் காட்டினார்கள்.

"அங்கிள், கேக் வெட்டப் போறாங்க. மறுகா கதைப்பமா?"